கசக்கிய கொழுந்து ஏன் சிவக்கிறது?

தேயிலைச் செடியில் இரண்டு இலையும் ஒரு மொட்டுமாக ஒரு கொழுந்தைக் கிள்ளி, உள்ளங்கையில் வைத்து இரண்டு கையாலும் நன்றாகத் தேயுங்கள். முதலில் பச்சை வாடைதான் வரும், கையில் ஈரம் ஒட்டும். அந்த உருண்டையை ஒரு தட்டில் வைத்துவிட்டு வேறு வேலையைப் பாருங்கள். ஒரு மணி நேரம் கழித்துத் திரும்பி வந்தால் பச்சை மங்கி, இலை செம்பு நிறத்துக்கு வந்திருக்கும். வாடையும் மாறியிருக்கும். பக்கத்திலேயே கசக்காமல் வைத்த இன்னொரு கொழுந்து லேசாக வாடியிருக்குமே தவிர, நிறம் பச்சைதான்.

இரண்டும் ஒரே செடியில் கிள்ளியவை. வெளியிலிருந்து நாம் எதையும் சேர்க்கவில்லை. அப்படியென்றால் இலையைச் சிவக்க வைத்த பொருள் இலைக்குள்ளேயே இருந்திருக்க வேண்டும். செடியில் இருந்தபோது அது ஏன் சும்மா இருந்தது?

நான் இலங்கை மலையகத்தில் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைகளுக்கு மாலையில் விஞ்ஞானம் சொல்லிக்கொடுக்கிறேன். பத்தாம் தரத்தில் தாவரக் கலம், விலங்குக் கலம் என்று ஒரு பாடம் வரும். பிள்ளைகள் படத்தை வரைந்து, அம்புக்குறி போட்டு, பெயர்களை மனனம் செய்துவிடுகிறார்கள். பரீட்சையில் புள்ளியும் வாங்கிவிடுகிறார்கள். ஆனால் அந்தப் படத்தில் இருப்பது அம்மா கூடையில் சுமந்து வரும் கொழுந்தின் உள்பக்கம் என்பது பலருக்குத் தெரியாமலே போய்விடுகிறது. எனக்கு அது பெரிய வருத்தம். அதனால் நான் எப்போதும் கொழுந்திலிருந்தே தொடங்குவேன்.

எந்த உயிரையும் துண்டு துண்டாகப் பிரித்துக்கொண்டே போனால், உயிர் என்று சொல்லத்தக்க மிகச் சிறிய துண்டில் வந்து நிற்போம். அதுதான் கலம். தமிழ்நாட்டுப் புத்தகங்களில் செல் என்பார்கள், உயிரணு என்றும் எழுதுவார்கள். பக்டீரியாவுக்கு ஒரே கலத்தோடு வாழ்க்கை முடிந்துவிடும். தேயிலைச் செடியும் நாமும் எண்ண முடியாத அளவு கலங்கள் சேர்ந்து ஆனவர்கள். தாவரக் கலங்கள் பெரும்பாலும் ஒரு மில்லிமீற்றரின் நூறில் ஒரு பங்கு முதல் பத்தில் ஒரு பங்கு வரை இருக்கும். விலங்குக் கலங்கள் பொதுவாக இன்னும் சிறியவை. நம் செங்குருதிக் கலம் ஒன்றின் விட்டம் ஒரு மில்லிமீற்றரின் ஆயிரத்தில் ஏழெட்டுப் பங்குதான்.

1665 இல் ரொபர்ட் ஹூக் என்ற ஆங்கிலேயர் தக்கையை மெல்லிசாகச் சீவி, தன் நுணுக்குக்காட்டியில் வைத்துப் பார்த்தார். சின்னச் சின்ன அறைகள் அடுக்கடுக்காகத் தெரிந்தன. சிற்றறை என்று பொருள்படும் சொல்லையே அவற்றுக்குப் பெயராக வைத்தார். நம் ஆட்கள் பார்த்திருந்தால், தோட்டத்து வரிசை வீடுகளைச் சொல்வது போல லயம் என்றுதான் சொல்லியிருப்பார்கள். பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பராக்கள் வரிசையாக நிற்கும், ஒரு வீட்டுச் சுவர்தான் அடுத்த வீட்டுக்கும் சுவர். தாவரக் கலங்கள் நிற்பதும் அப்படித்தான். ஒரு கலத்தின் சுவரும் அடுத்ததின் சுவரும் பெக்டின் என்ற பசையால் ஒட்டியிருக்கும். சுவரில் மிக நுண்ணிய துளைகளும் உண்டு. ஒரு வீட்டில் வைத்த குழம்பு பக்கத்து வீட்டுக்குப் போவது போல, அந்தத் துளைகள் வழியாக வெல்லமும் நீரும் கலத்துக்குக் கலம் போய்வரும்.

ஆனால் ஹூக் பார்த்தது ஆள் இல்லாத லயம். தக்கை என்பது செத்த கலங்கள். உள்ளே இருந்ததெல்லாம் போய்ச் சுவர் மட்டும் மிஞ்சியிருந்தது. உள்ளே குடியிருப்பது என்னவென்று தெளிவாகத் தெரிவதற்கு இன்னும் நூற்றைம்பது வருடத்துக்கு மேல் ஆயிற்று. 1831 இல் ரொபர்ட் பிரவுண் ஓர்க்கிட் செடிகளின் கலங்களைப் பார்த்து, நடுவில் தெரிந்த உருண்டைக்குப் பெயர் வைத்தார். அதுதான் கரு. 1838 இல் ஷ்லைடன் தாவரங்கள் எல்லாம் கலங்களால் ஆனவை என்றார். அடுத்த வருடமே ஷ்வான் விலங்குகளும் அப்படித்தான் என்றார்.

சரி, இப்போது கொழுந்தின் ஒரு கலத்துக்குள் போவோம். வெளியே இருப்பது கலச்சுவர். செலுலோசு என்ற நாரால் ஆனது, உறுதியானது. நீரையும் சிறிய கரைசல்களையும் தடுக்காது. இளம் கொழுந்தில் சுவர் மெல்லிசு. முற்றிய இலையில் சில கலங்களின் சுவர் மேலும் மேலும் தடித்துக் கல் போல ஆகிவிடும். தேயிலை இலையில் அப்படிப்பட்ட கிளைவிட்ட வன்கலங்கள் உண்டு என்பதை நுணுக்குக்காட்டியில் பார்ப்பவர்கள் நன்றாக அறிவார்கள்.

சுவருக்கு உள்பக்கமாக ஒட்டியிருப்பது கலமென்சவ்வு. முக்கியமான வேலை இதனுடையது. தடிப்பு ஒரு மில்லிமீற்றரின் இலட்சத்தில் ஒரு பங்குகூட இல்லை. கொழுப்பும் புரதமும் சேர்ந்து ஆன இந்தச் சவ்வு, எதை உள்ளே விடலாம், எதை வெளியே தள்ளலாம் என்று பார்த்துப் பார்த்து விடும். நீர் இதன் வழியாக எளிதில் போய்வரும். உப்பும் வெல்லமும் நினைத்தபடி போய்வர முடியாது. இதனால் ஒரு விளைவு வருகிறது. சவ்வின் இரண்டு பக்கத்திலும் கரைசலின் செறிவு வித்தியாசமாக இருந்தால், நீர் ஐதான பக்கத்திலிருந்து செறிந்த பக்கத்துக்கு நகரும். இதைப் பிரசாரணம் என்பார்கள். தமிழ்நாட்டில் சவ்வூடு பரவல்.

சவ்வுக்கு உள்ளே குழியவுரு. கூழ் மாதிரியான இந்தப் பாகத்தில்தான் மற்ற உறுப்புகள் எல்லாம் கிடக்கின்றன. படத்தில் அதைப் பெரிய இடமாக வரைந்து பழகிவிட்டோம். வளர்ந்த தாவரக் கலத்தில் அப்படி இல்லை. நடுவிடத்தை முழுக்க ஒன்றே பிடித்துக்கொண்டு, குழியவுருவைச் சுவரோரமாக ஒதுக்கித் தள்ளிவிடும். அதன் பெயர் புன்வெற்றிடம். இந்தப் பெயர்மீது எனக்குக் கொஞ்சம் மனத்தாங்கல் உண்டு. வெற்றிடம் என்று கேட்டதும் பிள்ளைகள் உள்ளே ஒன்றும் இல்லை என்று நினைத்துவிடுகிறார்கள். உண்மையில் அதற்குள் நீர், வெல்லம், அமிலங்கள், உப்புகள், நிறப்பொருள்கள் எல்லாம் இருக்கின்றன. கொழுந்தைப் பொறுத்தவரை அதற்குள்தான் கட்டெக்கின் என்ற பொலிபீனோல் வகைப் பொருள்கள் கரைந்து கிடக்கின்றன. பச்சைக் கொழுந்தை மென்றால் நாக்கு இழுத்துப் பிடிக்குமே, அந்தத் துவர்ப்பு இவற்றால் வருவது. புன்வெற்றிடத்தைச் சுற்றி அதற்கென்று தனியாக ஒரு சவ்வும் உண்டு. இதை மறந்துவிடாதீர்கள், பிறகு தேவைப்படும்.

என் மாமா தேயிலைத் தொழிற்சாலையில் உருட்டும் மெஷினில் பல வருடம் நின்றவர். சின்ன வயதில் அவரிடம் கேட்டேன்:

"ஏன் மாமா, கொழுந்து வந்ததும் உருட்டாம, ராத்திரி முழுக்கக் காத்துல போட்டு வாட்டுறீங்க?"

"வாடாத எலைய உருட்டினா ஒடிஞ்சி தூளாப் போயிரும். மடங்கிக் குடுக்கணும்ல? அதுக்குத் தண்ணி எறங்கணும்" என்றார்.

பாடப் புத்தகம் ஒரு பக்கத்தில் சொல்வதை அவர் இரண்டு வரியில் சொல்லிவிட்டார். பறித்த கொழுந்தின் எடையில் ஏறக்குறைய முக்கால் பங்கு நீர். அதில் பெரும்பகுதி புன்வெற்றிடங்களில் இருக்கிறது. நீர் நிறைந்த புன்வெற்றிடம் காற்றடித்த பந்து போலச் சுவரை உள்ளிருந்து அழுத்தும். சுவர் திருப்பி அழுத்தும். இந்த அழுத்தத்தால்தான் எலும்பில்லாத இலை விறைப்பாக நிற்கிறது. விறைத்த இலையை மடக்கினால் ஒடியும். நீர் இறங்கினால் அழுத்தம் குறைந்து இலை துவளும், உருட்டினால் முறுகும். நுவரெலியா மரக்கறி வாடியிருந்தால் அம்மா தண்ணீரில் போட்டு வைப்பார். லீக்ஸ் ஒரு மணி நேரத்தில் நிமிர்ந்துவிடும். வாட்டும் தட்டில் நடப்பது அப்படியே திரும்பி நடக்கிறது, அவ்வளவுதான்.

புன்வெற்றிடத்தைக் கண்ணால் பார்க்க ஆசையென்றால் றியோச் செடியைத் தேடுங்கள். மேல்பக்கம் பச்சையாகவும் கீழ்ப்பக்கம் ஊதாவாகவும் வாள் மாதிரி நீண்ட இலை, பாடசாலைத் தோட்டங்களில் ஓரமாக நட்டிருப்பார்கள். கீழ்ப்பக்க ஊதாத் தோலை மெல்லிசாக உரித்து, ஒரு துளி நீரில் வைத்து நுணுக்குக்காட்டியில் பாருங்கள். தேன்கூடு போல அறுகோண அறைகள், ஒவ்வொன்றும் ஓரம்வரை ஊதா. அந்த நிறம் கரைந்திருப்பது புன்வெற்றிடத்தில். இப்போது நீரை ஒற்றி எடுத்துவிட்டுச் செறிந்த உப்புக் கரைசலை விடுங்கள். கண்ணை எடுக்காமல் பாருங்கள். கொஞ்ச நேரத்தில் ஊதா மூலைகளிலிருந்து விலகத் தொடங்கும். பிறகு உருண்டு சுருங்கி, அறையின் நடுவில் ஒரு சின்ன ஊதாப் பொட்டலமாகக் கிடக்கும். அறையின் சுவர் மட்டும் அசையாமல் அப்படியே நிற்கும். சுவர் வேறு, சவ்வு வேறு என்பதை நான் எத்தனையோ தடவை கரும்பலகையில் எழுதியிருக்கிறேன். அந்த ஒரு பார்வையில்தான் பிள்ளைகளுக்குப் பிடிபட்டது. உடனே உப்பை ஒற்றி எடுத்து மறுபடியும் தண்ணீர் விட்டால், பெரும்பாலும் ஊதா திரும்பப் பரவி மூலைகளை நிரப்பும். கலம் இன்னும் உயிரோடு இருக்கிறது என்பதற்கு அதுதான் சாட்சி.

பச்சையவுருவம் பற்றி எல்லோருக்கும் ஓரளவு தெரியும். தமிழ்நாட்டில் பசுங்கணிகம் என்பார்கள். இலையின் மேல்தோலுக்குக் கீழே தூண்கள் மாதிரி நிற்கும் கலங்களில் இவை நிறைய இருக்கும். இவற்றில் உள்ள பச்சையம் வெயிலைப் பிடிக்கிறது. அந்தச் சக்தியைக் கொண்டு காற்றிலுள்ள காபனீரொட்சைட்டும் வேர் அனுப்பும் நீரும் சேர்ந்து வெல்லமாகின்றன, ஒட்சிசன் வெளியேறுகிறது. இதுதான் ஒளித்தொகுப்பு. மிச்சமான வெல்லத்தைச் செடி மாப்பொருளாக்கி வைக்கும். உருளைக்கிழங்கு முழுக்க அப்படிச் சேர்த்து வைத்ததுதான். தாவரத்தின் எல்லாக் கலங்களிலும் பச்சையவுருவம் இல்லை. மண்ணுக்குள் இருக்கும் வேருக்கு அது எதற்கு?

அடுத்தது இழைமணி, அதாவது மைட்டோகொண்ட்ரியா. வெல்லத்தை ஒட்சிசனோடு சேர்த்து உடைத்து, கலம் செலவழிக்கக்கூடிய வடிவில் சக்தியை எடுத்துத் தருவது இது. தாவரத்துக்குப் பச்சையவுருவம், விலங்குக்கு இழைமணி என்று பல பிள்ளைகள் எழுதுகிறார்கள். அது பிழை. இழைமணி இரண்டுக்கும் உண்டு. செடியும் இரவும் பகலும் சுவாசிக்கிறது. பறித்த பிறகும் சுவாசிக்கிறது! கொழுந்தைச் சாக்கில் அமுக்கித் திணித்து லொறிக்காகக் காக்க வைத்தால், சாக்குக்குள் கைவிட்டுப் பாருங்கள், சூடாக இருக்கும். இலைக் கலங்களின் இழைமணிகள் வெல்லத்தை உடைத்துக்கொண்டே இருப்பதால் வரும் சூடு அது. காற்றோட்டம் இல்லாமல் சூடு கூடிப்போனால் நடுவில் உள்ள கொழுந்து தொழிற்சாலைக்குப் போகுமுன்பே சிவந்துவிடும். கொழுந்தை அமுக்காதே என்று, கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் சத்தம் போடுவதற்குக் காரணம் இதுதான். செங்குத்தான மலையில் கூடையோடு ஏறி இறங்கும் பெண்களின் கால் தசைக் கலங்களிலும் இதே இழைமணிகள்தான் ஆயிரக்கணக்கில் உழைக்கின்றன.

கருவுக்கு வருவோம். கலம் எதைச் செய்ய வேண்டும், எந்தப் புரதத்தை எப்போது ஆக்க வேண்டும் என்ற குறிப்புகள் எல்லாம் டீ.என்.ஏ. வடிவில் இதற்குள் இருக்கின்றன. அவை நிறமூர்த்தங்களாக, அதாவது குரோமோசோம்களாகச் சுற்றி வைக்கப்பட்டிருக்கும். மனிதக் கலத்தில் 46, தேயிலைக் கலத்தில் பொதுவாக 30. வீ.பி. தேயிலை நட்ட மலையைப் பாருங்கள். ஒரு நல்ல தாய்ச்செடியிலிருந்து ஓர் இலையும் சிறு தண்டுமாக வெட்டியெடுத்து, நாற்றுமேடையில் வேர்விட வைத்து நட்டவை அவை. அந்தத் துண்டின் கலங்கள் இரண்டாகப் பிரிந்து பெருகும்போது, ஒவ்வொரு தடவையும் கருவிலுள்ள குறிப்பு அப்படியே பிரதி எடுக்கப்படுகிறது. அதனால்தான் தேயிலை ஆராய்ச்சி நிலையம் டீ.ஆர்.ஐ. 2025 என்று பெயர் வைத்த இனம் எந்தத் தோட்டத்தில் நட்டாலும் அதே இனமாகவே இருக்கிறது.

இனி விலங்குக் கலம். இதற்கு அட்டையைவிட நல்ல உதாரணம் மலையகத்தில் எனக்குக் கிடைக்கவில்லை. மழைநாளில் காலில் ஏறிய அட்டையைப் பிய்த்து எறிந்த பிறகும் இரத்தம் நிற்காமல் கசியும். இரத்தம் உறைவதைத் தடுக்கும் புரதத்தை அட்டை கடிவாயில் விட்டுவிடுகிறது. அந்தப் புரதம் எங்கே உருவானது? அட்டையின் உமிழ்நீர்ச் சுரப்பிக் கலத்துக்குள். கருவிலிருந்து குறிப்பின் நகல் வெளியே வருகிறது. இறைபோசோம் என்ற மிகச் சிறிய மணிகள் அதைப் படித்து, அமினோ அமிலங்களைக் கோத்துப் புரதம் ஆக்குகின்றன. அகமுதலுருச் சிறுவலை என்ற மடிப்புச் சவ்வுகளுக்குள் அது புகுந்து மடிந்து உருப்பெறுகிறது. பிறகு கொல்கி உடலில் மெருகேறி, சவ்வுப் பைகளில் பொதியாகிறது. அந்தப் பைகள் கலமென்சவ்வோடு ஒட்டித் திறந்து, புரதத்தை வெளியே கொட்டுகின்றன. நம் எச்சிலும் இன்சுலினும் வெளியே வருவது இதே வழியில்தான். தாவரக் கலத்திலும் இந்த உறுப்புகள் எல்லாம் உண்டு.

அப்படியானால் வித்தியாசம் எங்கே? விலங்குக் கலத்துக்குக் கலச்சுவர் இல்லை, பச்சையவுருவம் இல்லை, நடுவைப் பிடித்துக்கொள்ளும் பெரிய புன்வெற்றிடமும் இல்லை. சிறிய பைகள் வந்து போகும், அவ்வளவுதான். வெல்லத்தை மாப்பொருளாக அல்ல, கிளைக்கோசனாகச் சேர்க்கும். கலம் பிரியும்போது உதவும் மையமூர்த்திகள் விலங்குக் கலத்தில் உண்டு, தேயிலை போன்ற பூக்கும் தாவரங்களில் இல்லை. இதை அட்டவணையாகப் பாடம் செய்வதைவிட, யார் எப்படி வாழ்கிறார்கள் என்று யோசித்தால் தானாக நினைவில் நிற்கும். செடி நின்ற இடத்திலேயே நின்று வெயிலில் சமைக்கிறது. நிற்பதற்குச் சுவரும் நீர் அழுத்தமும் வேண்டும். விலங்கு உணவைத் தேடி நகர வேண்டும். சுவரில்லாத கலம் வளையும், நீளும், ஊரும். நம் வெண்குருதிக் கலம் கிருமியைச் சுற்றி வளைத்து விழுங்குகிறது. முதுகுத்தண்டிலிருந்து பாதம்வரை ஒரே நரம்புக் கலத்தின் இழை நீண்டு போகிறது.

சுவரில்லாததற்கு ஒரு விலையும் உண்டு. செங்குருதிக் கலத்தை வெறும் நீரில் போட்டால், நீர் உள்ளே புகுந்து புகுந்து வீங்கி, கடைசியில் வெடித்துவிடும். தடுத்துப் பிடிக்கச் சுவர் கிடையாது. ஆஸ்பத்திரியில் ஏற்றும் சேலைனில் ஒரு லீற்றருக்கு 9 கிராம் உப்பு இருப்பது இதற்காகத்தான். அந்தச் செறிவில் கலம் வீங்கவும் மாட்டாது, சுருங்கவும் மாட்டாது. அட்டைமேல் உப்புத் தூவினால் அது சுருண்டு விழுவதும் இதே கணக்கு. ஈரமான அதன் தோல் கலங்களிலிருந்து நீர் வெளியேறிவிடுகிறது.

இப்போது தட்டில் சிவந்து கிடக்கும் அந்தக் கொழுந்துக்குத் திரும்புவோம். துவர்ப்புப் பொருளான கட்டெக்கின் புன்வெற்றிடத்தில் இருந்தது என்று சொன்னேன். அதை ஒட்சியேற்றி, அதாவது ஒட்சிசனோடு சேர வைத்து, நிறம் மாற்றக்கூடிய நொதியத்தின் (என்சைமின்) பெயர் பொலிபீனோல் ஒட்சிடேசு. அது பச்சையவுருவம் போன்ற வேறு அறைகளில் இருக்கிறது. ஒரே கலத்துக்குள் இரண்டும் பக்கத்துப் பக்கத்தில்தான் இருந்தன, நடுவில் சவ்வு இருந்தது. இலை உயிரோடு இருக்கும்வரை இரண்டும் பெரிதாகக் கலக்கவில்லை. நாம் உள்ளங்கையில் தேய்த்தபோது சவ்வுகள் கிழிந்தன. சாறு கலந்தது, காற்றிலிருந்து ஒட்சிசன் வந்தது, நொதியம் வேலையைத் தொடங்கியது. நிறமில்லாத கட்டெக்கின் செம்மஞ்சளாகவும் செம்பழுப்பாகவும் மாறியது. மாமா நின்ற உருட்டும் மெஷின் செய்வது இதையேதான், பெரிய அளவில். இதை நொதித்தல் என்றும் புளிக்கவைத்தல் என்றும் சொல்லிப் பழகிவிட்டோம். ஆனால் தயிரைப் போலக் கிருமி வந்து செய்கிற வேலை அல்ல இது, இலையின் சொந்த நொதியம் செய்வது. தேவையான நிறமும் மணமும் வந்ததும் சூடான காற்றில் காயவைப்பார்கள். சூடு பட்டால் நொதியம் பழுதாகி நின்றுவிடும், பச்சையமும் உருமாறித் தூள் கறுத்துவிடும். பசுந்தேயிலை செய்பவர்கள் உருட்டுவதற்கு முன்பே சூடு கொடுத்து நொதியத்தை அடக்கிவிடுவார்கள். அதனால் அது பச்சையாகவே இருக்கிறது.

கை படாமலும் இது நடப்பதுண்டு. தை, மாசியில் வானம் வெளித்திருக்கும் இரவுகளில் நுவரெலியாப் பக்கம் துகள் பனி விழும். அதிகாலையில் தேயிலை நுனியெல்லாம் வெள்ளை வெளேரென்று இருக்கும். படம் பிடிக்கப் பலர் வருவார்கள். வெயில் ஏற ஏற அந்தக் கொழுந்து துவண்டு, பழுத்துக் கருகிப்போகும். பனிக்கட்டி கலங்களுக்கு இடையில் உருவாகி, கலத்துக்குள் உள்ள நீரை வெளியே இழுத்துவிடுகிறது. கலம் சுருங்கிச் சவ்வுகள் சிதைகின்றன. பிறகு உள்ளே நடப்பது தட்டில் நடந்ததுதான்.

ஒரு தடவை அப்படிக் கருகிய கொழுந்தை ஒரு பிள்ளை கைலேஞ்சியில் சுற்றி வகுப்புக்குக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தாள். "இதுல புன்வெற்றிடம் ஒடஞ்சிருச்சா சேர்?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். அவளுடைய கொப்பியில் இருந்த கலப் படத்தை எடுத்துப் பார்த்தேன். கரு, இழைமணி, பச்சையவுருவம் எல்லாம் பெயரோடு இருந்தன. புன்வெற்றிடத்தைச் சுற்றி ஒரு கோடு இருந்தது, அதற்கு மட்டும் பெயர் இல்லை. நானும் அதுவரை அதைக் கவனித்துச் சொல்லிக்கொடுக்கவில்லை. இப்போது படம் வரையச் சொன்னால் அந்தச் சவ்வைத்தான் முதலில் போடச் சொல்கிறேன், எங்கும் இடைவெளி விடாமல்.